"அப்புறமா எஸ்எஸ்டி போட்டுக்கலாம்ல?" சரி, எதுல போடுவீங்க?

தீபாவளி சேல் வந்தா போதும், சொந்தக்காரங்க ஃப்ரெண்ட்ஸ்னு ஆளாளுக்கு லேப்டாப் லிங்க் அனுப்ப ஆரம்பிச்சிடுவாங்க. "64 ஜிபி தான் இருக்கு, ஆனா விலை கம்மி, அப்புறமா பெரிய எஸ்எஸ்டி போட்டுக்கலாம்ல?" நான் திருப்பி கேக்குறது ஒண்ணு தான், எதுல போடுவீங்க? எத்தன ஜிபின்னு கொட்ட எழுத்துல போட்டிருப்பான், ஆனா எஸ்எஸ்டி (ஃபைல் எல்லாம் சேமிக்கிற டிஸ்க்) சொருக உள்ள காலியா ஸ்லாட் இருக்கா, இருந்தா என்ன வகை, எவ்ளோ நீளம்னு எங்கயும் போட்டிருக்க மாட்டான். கம்மி விலை லேப்டாப்புல மொதல்ல பாக்க வேண்டியதே அதத்தான்.

ரொம்ப சீப்பா 64, 128 ஜிபின்னு வர்றதுல பெரும்பாலும் இருக்கிறது இஎம்எம்சி. பழைய போன்ல எல்லாம் வருமே அதே வகை. ஒரு சின்ன சிப்பு, மதர்போர்டுலயே சாலிடர் பண்ணி வந்திடும், கழட்டவும் முடியாது பெருசாக்கவும் முடியாது, அது செத்துச்சுன்னா போர்டயே மாத்தணும், உள்ள இருந்த போட்டோ எல்லாம் அதோட போச்சு. ஸ்பீடும் இஎம்எம்சி 5.1ல பேப்பர்ல செகண்டுக்கு 400 எம்பி, கையில அதுவும் வராது. இதுல விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்ற குறைஞ்சபட்ச ஸ்டோரேஜே 64 ஜிபி தான், அதாவது பாஸ் மார்க்ல பாஸ் ஆன மெஷின். ரெகவரி பார்ட்டிஷன் அது இதுன்னு போக சி டிரைவ்ல 60க்கும் கம்மியா தான் காட்டும், அதுல விண்டோஸ் உக்காந்த பிறகு மிச்சம் இருக்கிற இடத்துல வருஷத்துக்கு ஒரு பெரிய அப்டேட் வேற வந்து இறங்கணும். அழிக்கிறதுக்கு ஃபைலே இல்லாதவங்க கிட்டயும் "இடம் பத்தல"ன்னு சொல்லும்.

இதுல எனக்கு எரிச்சலே வேற ஒண்ணு. சில மாடல் பின் கவர கழட்டுனா, போர்டுல எம்.2ன்னு சொல்ற எஸ்எஸ்டி ஸ்லாட்டுக்கு இடம் விட்டிருக்கும், வெள்ளை கோட்டுல அவுட்லைன், வரிசையா குட்டி குட்டி செம்பு பேட், கார்ட முறுக்குற ஸ்க்ரூவுக்கு ஓட்டை கூட இருக்கும், கனெக்டர் மட்டும் இருக்காது. வீடு கட்டும்போது சுவத்துல சுவிட்ச் பாக்ஸ் வச்சிட்டு வயர் இழுக்காம விட்ட கணக்கு. ஒரே போர்டு, விலை ஜாஸ்தி மாடல்ல கனெக்டர் இருக்கும், கம்மி மாடல்ல இருக்காது, அவ்ளோ தான். "கனெக்டர் வாங்கி சாலிடர் பண்ணிக்கலாமே"ன்னு யூட்யூப் பாத்துட்டு கேக்குறவங்களுக்கு: கூடவே வர வேண்டிய குட்டி கெபாசிட்டர் எல்லாமும் இல்லாம தான் இருக்கும், பயாஸ்ல (மெஷின் ஆன் ஆனதும் மொதல்ல ஓடுற சாஃப்ட்வேர்) அந்த ஸ்லாட்ட ஆஃப் பண்ணியும் வச்சிருக்கலாம். விட்டுடுங்க.

சரி ஸ்லாட் இருக்குன்னே வச்சுக்குவோம், அடுத்து நீளம். 2280, 2242, 2230ன்னு போட்டிருக்கும் பாருங்க, 22 மில்லிமீட்டர் அகலம், மீதி நம்பர் நீளம். கடையில சல்லிசா கெடைக்கிறது எல்லாம் 2280, நம்ம லேப்டாப்புல ஸ்க்ரூ ஓட்டை 42ல இருந்தா அது உள்ள போகாது, அந்த இடத்துல பேட்டரி இருக்கும். 2242 கெடைக்கும், ஆனா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயே நாலு கடை ஏறி இறங்கணும், விலையும் கூட. அப்புறம் எஸ்எஸ்டி போர்டோட பேசுற வழி சாட்டாவா (பழசு) என்விஎம்இயா (புதுசு, வேகம்)ங்கிற பஞ்சாயத்து. கொஞ்சம் பழைய பட்ஜெட் லேப்டாப்புல ஸ்லாட் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா சாட்டா மட்டும் தான் எடுக்கும், என்விஎம்இ போட்டா அழகா உக்காரும், பயாஸ்ல ஒண்ணும் காட்டாது. கடைக்காரர் "போடுங்க சார் வேல செய்யும்"னு சொல்றத நம்பாதீங்க, மாடல் நம்பர சொல்லி கேளுங்க. என்விஎம்இ டேட்டா போற பிசிஐஇ பாதை (லேன்) நாலுக்கு பதிலா ரெண்டே தான் இருக்கு, ஸ்பீடு பாதியா போயிடும்னு பயப்படுறவங்க உண்டு, எக்ஸெலும் குரோமும் ஓட்டுறதுக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, அத விட்டுடலாம்.

2.5 இன்ச் டிஸ்க் போடுற இடம் இருக்குன்னு சொல்ற மாடல்லயும் ஒரு வில்லங்கம். அந்த இடத்துல பெரிய பேட்டரி போட்டு ஒரு வேரியண்ட், சின்ன பேட்டரியும் டிஸ்க் இடமும் வச்சு இன்னொரு வேரியண்ட்னு ஒரே பேர்ல ரெண்டும் விப்பாங்க. இடம் இருந்தாலும் டிஸ்க்ல இருந்து போர்டுக்கு போற பட்டை கேபிளும் பிராக்கெட்டும் கூட வராது, தனியா தேடி வாங்கணும், அது அந்த மாடலுக்கே உரியதா இருக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி பாக்கிறது கஷ்டமே இல்ல. லெனோவோன்னா அவங்களோட ஸ்பெக் சைட் பிஎஸ்ஆர்இஎஃப்ல மாடல் போட்டா எத்தன ஸ்லாட், என்ன நீளம் எல்லாம் வந்திடும். எச்பி, டெல்லுக்கு சர்வீஸ் மேனுவல் பிடிஎஃப் இருக்கு, கழட்டுற படத்தோட. அதுல "அதிகபட்சம் 512 ஜிபி"ன்னு இருந்தா பயப்படாதீங்க, அது பெரும்பாலும் அவங்க டெஸ்ட் பண்ண அளவு, 1 டிபி போட்டாலும் ஓடும். ஏற்கனவே கையில லேப்டாப் இருந்தா டிவைஸ் மேனேஜர்ல டிஸ்க் டிரைவ்ஸ் பாருங்க, டிஎஃப்4064 மாதிரி பேர் இருந்தா அது இஎம்எம்சி தான்.

அப்படி மாட்டிக்கிட்டவங்க மெமரி கார்டு போட்டு சமாளிக்கலாம்னு பாக்காதீங்க, படம் பாட்டு வைக்க ஓகே, சாஃப்ட்வேர் போட்டா ஆமை வேகம். யூஎஸ்பி 3 போர்ட்ல வெளி எஸ்எஸ்டி ஒண்ணு சொருகிக்கிறது எவ்வளவோ மேல். பிரவுசரும் டைப்பிங்கும் மட்டும் தான்னா லினக்ஸ் மின்ட் போடுங்க, 20 ஜிபி இருந்தாலே ஏறிடும். 2025 கடைசில இருந்து எஸ்எஸ்டி விலை வேற ஏறிப்போச்சு, அதனால புதுசா வாங்குறவங்க "அப்புறம் பாத்துக்கலாம்"னு இல்லாம 512 ஜிபி உள்ளயே வர்ற மாடலா பாத்து எடுக்கிறது தான் இப்ப லாபம்.

ஸ்லாட் இருந்து டிஸ்க் மாத்தப் போறீங்கன்னா ரெண்டு விஷயம். புது டிஸ்க்ல விண்டோஸ் போடும்போது இன்ஸ்டாலர் டிஸ்க்கே இல்லன்னு சொன்னா டிஸ்க் போச்சுன்னு அர்த்தம் இல்ல, இன்டெல் லேப்டாப்னா பெரும்பாலும் டிஸ்க்க கையாளுற இன்டெல் விஎம்டி டிரைவர பென் டிரைவ்ல போட்டு காட்டணும். பழைய டிஸ்க்க கழட்டுறதுக்கு முன்னாடி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போய் பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்குக்கு போடுற பூட்டு) ரெகவரி கீ எடுத்து வச்சுக்கங்க, விண்டோஸ் 11 ஹோம்ல கூட உங்கள கேக்காமலே என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கலாம், அப்படின்னா பழைய டிஸ்க்க என்க்ளோஷர்ல (யூஎஸ்பில சொருகுற டப்பா) போட்டு சொருகுனதும் அந்த 48 இலக்க நம்பரத்தான் கேக்கும்.