ராசியில்லாத யு-505

யு-505 என்றதும் எல்லாரும் 1944 ஜூன் 4-ஆம் தேதியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை அந்த ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலைக் கடலிலேயே சிறைபிடித்த நாள் அது. எனக்கோ அதற்கு முந்தைய மூன்றாண்டுக் கதைதான் அதிகம் உறுத்துகிறது.

ஹாம்பர்க் நகரில் கட்டப்பட்ட இந்த ஒன்பது-சி வகைக் கப்பல் 1941 ஆகஸ்டில் ஆக்செல் ஓலாஃப் லோவேயின் தலைமையில் பணியில் சேர்ந்து, பிரான்சின் லோரியான் துறைமுகத்திலிருந்து இயங்கியது. 1942 மார்ச், ஏப்ரல் மாதங்களில் மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் நான்கு கப்பல்களையும், கோடையில் கரீபியன் பக்கம் மேலும் மூன்றையும் மூழ்கடித்தது. அந்த மூன்றில் ஒன்று கொலம்பியாவைச் சேர்ந்த சிறிய பாய்க்கப்பல்; அதைத் தாக்கியதால் இராணுவ லாபம் எதுவும் இல்லை, இராஜதந்திரச் சிக்கல் மட்டுமே மிஞ்சியது. அந்தப் பயணத்திலேயே குடல்வால் நோயால் அவதிப்பட்ட லோவே பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது.

அடுத்து வந்தவர் பீட்டர் செக். 1942 நவம்பர் 7 அன்று இவர் மூழ்கடித்த பிரிட்டிஷ் சரக்குக் கப்பலே யு-505-இன் எட்டாவது இரை, கடைசி இரையும் அதுவே. மூன்றே நாளில், டிரினிடாட் அருகே, பிரிட்டிஷ் ஹட்சன் விமானம் ஒன்று மிகத் தாழப் பறந்து வந்து வீசிய குண்டு மேல்தளத்திலேயே வெடிக்க, அந்த அதிர்ச்சியில் விமானமே சிதறிக் கடலில் விழுந்தது. கப்பலோ பீரங்கியை இழந்து, உடல் கிழிந்து, ஒருவாறு லோரியானுக்கு ஊர்ந்து திரும்பியது. இவ்வளவு சேதத்தோடு வேறெந்த ஜெர்மன் நீர்மூழ்கியும் கரை சேர்ந்ததில்லை என்பார்கள். பழுதுபார்க்கவே ஆறு மாதம் ஆனது.

அதற்குப் பிறகு நடந்தவை இன்னும் விசித்திரமானவை. ஒவ்வொரு முறை புறப்பட்டதும் ஏதாவது ஒரு கோளாறு தலைகாட்ட, கப்பல் உடனே திரும்பிவரும். எரிபொருள் தொட்டியில் பென்சில் பருமனில் ஒரு துளையே போடப்பட்டிருந்தது. துறைமுகத்தில் வேலை செய்த பிரெஞ்சுத் தொழிலாளர்களின் கைவரிசை. மற்ற கப்பல்கள் போய்த் திரும்பாமல் அழிந்துகொண்டிருந்த காலத்தில், போகாமலே திரும்பும் செக் லோரியானில் கேலிப்பொருளானார். 1943 அக்டோபர் 24 அன்று, எதிரிக் கப்பல்கள் நீருக்குள் வீசிய ஆழ்வெடிகுண்டுகள் சுற்றிலும் வெடித்துக்கொண்டிருந்தபோது, கட்டுப்பாட்டு அறையில் மாலுமிகள் கண்முன்னே அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். முதல் அதிகாரி பால் மேயர் பதறாமல் பொறுப்பை ஏற்றுக் கப்பலைக் கரை சேர்த்தார். அன்று உண்மையிலேயே பாராட்டப்பட வேண்டியவர் அவர்தான்.

கடைசித் தலைவர் ஹரால்ட் லாங்கே. 1944 ஜூன் 4 அன்று, மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், டேனியல் கேலரி தலைமையிலான குவாடல்கெனால் விமானந்தாங்கிக் கப்பலின் துணைக் கப்பல்களில் ஒன்றான சாட்டலைன், ஒலியலைகளைக் கொண்டு நீருக்கடியில் தேடும் சோனார் மூலம் யு-505-ஐக் கண்டுபிடித்துத் தாக்கியது. சில நிமிடங்களில் மேலெழுந்த கப்பலிலிருந்து மாலுமிகள் அவசரமாகக் கடலில் குதித்தார்கள். அதை மூழ்கடிக்கும் ஏற்பாட்டை முழுமையாகச் செய்ய அவர்களுக்கு நேரமில்லை. சுக்கான் சிக்கி, எந்திரம் ஓடியபடி வட்டமடித்துக்கொண்டிருந்த கப்பலில் ஆல்பர்ட் டேவிட் தலைமையிலான குழு ஏறியது. எந்த நொடியிலும் வெடிக்கலாம் என்று தெரிந்தும் உள்ளே இறங்கி, நீர் புகுந்த வழியை மூடி, செய்திகளைச் சங்கேத மொழிக்கு மாற்றும் எனிக்மா கருவிகளையும் குறியீட்டு நூல்களையும் அள்ளினார்கள்.

நேச நாட்டுப் படைகள் பிரான்சில் இறங்கிய நார்மண்டித் தரையிறக்கத்துக்கு இரண்டே நாள் இருந்த நேரம் அது. செய்தி கசிந்தால் ஜெர்மானியர்கள் குறியீட்டையே மாற்றிவிடுவார்கள் என்பதால் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் எர்னஸ்ட் கிங், கேலரிமீது கடுங்கோபம் கொண்டார். சுமார் 3,000 அமெரிக்க மாலுமிகள் வாய் திறக்காமல் இருந்ததால்தான் அந்த வெற்றி வீணாகவில்லை. கப்பலை நீமோ என்ற புனைபெயரில் பெர்முடாவுக்கு இழுத்துச் சென்றார்கள்.

அன்று இறந்த ஜெர்மானியர் ஒருவரே. 58 பேர் பிடிபட்டார்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகளில் பணியாற்றிய ஏறத்தாழ 40,000 பேரில் முக்கால்வாசிப் பேர் திரும்பவில்லை என்பதை வைத்துப் பார்த்தால், ராசியில்லாதது என்று பெயரெடுத்த கப்பலில் இருந்தவர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள்! இரகசியம் காக்க அவர்களை அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ரஸ்டன் முகாமில் தனியே அடைத்து, செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் தெரிவிக்காமல் வைத்திருந்தார்கள். அவர்கள் இறந்துவிட்டதாகவே வீட்டுக்குத் தகவல் போயிருந்தது. கடைசியாக விடுவிக்கப்பட்டவர்கள் 1947-இல்தான் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.