கொல்லிமலையில் மூன்று இரவு, இருவர் மட்டும்

கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன வீட்டில் கணவனும் மனைவியும் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை எழுதி வைத்துப் பாருங்கள். கேஸ் புக் பண்ணியாச்சா, சின்னவனுக்கு ஃபீஸ் கட்டணும், அத்தைக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு. பெரும்பாலும் இவ்வளவுதான். சண்டை எதுவும் இருக்காது. ஒரே ஆபீஸில் வேறு வேறு ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் மாதிரி, பொறுப்பை மாற்றிக்கொள்ளும்போது மட்டும் பேசிக்கொள்வார்கள். "எங்கேயாச்சும் ரெண்டு பேரு மட்டும் போய்ட்டு வரலாமா?" என்ற பேச்சு வருவது இந்தக் கட்டத்தில்தான். போய்விட்டுப் பலரும் இன்னும் கொஞ்சம் களைத்துத்தான் திரும்புகிறார்கள். இரண்டு நாளில் எட்டு இடம் என்று பட்டியல் போட்டால் அதுவும் ஒரு வேலை நாள்தானே. எனவே முதல் வேலை, அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுவது.

இந்த மாதிரிப் பயணத்துக்குக் கொல்லிமலை நன்றாகவே பொருந்தும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், போனாலும் ஏரியைச் சுற்றிக் கூட்டம். வால்பாறை அமைதியான ஊர்தான், ஆனால் யானையும் சிறுத்தையும் நடமாடுகிற தேயிலைத் தோட்டத்தில் விடிகாலையில் இருவர் தனியாக நடக்க முடியாது. கொல்லிமலை நாமக்கல்லிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர், உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர். மேலே போனால் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, அதன் நிழலில் காபி, நடுநடுவே சிறு கிராமங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் குறைவு என்று குறை சொல்பவர்கள் உண்டு. நமக்கு வேண்டியதே அதுதான்.

வாரக்கடைசியைத் தவிருங்கள். திங்கள் காலை ஏறி வியாழன் காலை இறங்கினால் சாலையும் காலி, தங்குமிடமும் காலி. மூன்று இரவு வேண்டும். முதல் இரவு அலுப்புக்கே போய்விடும், கடைசி இரவு மனசு பாதி வீட்டுக்குத் திரும்பியிருக்கும், நடுவில் இருப்பதுதான் உங்களுடையது. ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். கோடை மழை ஒன்று பெய்தால் அடுத்த ஒரு வாரம் பத்து நாளில் காபி பூக்கும், தோட்டமே மல்லிகை மாதிரி மணக்கும். ஏப்ரல், மே பள்ளி விடுமுறைக் கூட்டம். ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா, அப்போது அறையும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது. அக்டோபர், நவம்பர் மழையில் வளைவுகளில் மண்ணும் கல்லும் சரிவதுண்டு.

அறை பதிவு செய்யும்போது படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் போன் போட்டுக் கேளுங்கள். பக்கத்து அறைகளில் குழு யாராவது தங்குகிறார்களா? ராத்திரி கேம்ப்ஃபயர், ஸ்பீக்கர் உண்டா? அறைக்கு வெளியே இரண்டு நாற்காலி போட வராந்தா இருக்கிறதா? சாப்பாடு அங்கேயே கிடைக்குமா? கடைசிக் கேள்வியை லேசாக விடாதீர்கள். வேளைக்கு வேளை, மலைமேல் உள்ள முக்கிய ஊரான செம்மேட்டுக்கு வண்டி எடுத்துப் போக வேண்டியிருந்தால் நாளின் பாதி அதிலேயே கரைந்துவிடும். டிவி இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடலாம். பக்கத்து அறை ஸ்பீக்கரை எதுவும் செய்ய முடியாது.

குழந்தைகளைத் தாத்தா பாட்டியிடம் விடுவதென்றால், டாக்டர் நம்பர், ஸ்கூல் வேன் நேரம், மருந்து அளவு எல்லாம் ஒரே தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். வீட்டுக்குப் போன் தினமும் மாலை ஏழு மணிக்கு ஒரு முறை, இருவரும் சேர்ந்து. இரண்டு போனில் ஒன்று அணைந்தே இருக்கட்டும். மற்றொன்றில் டேட்டாவை நிறுத்திவிட்டு, அவசர அழைப்புக்கு மட்டும் வையுங்கள். மலையில் சிக்னல் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் தங்குமிடத்து நம்பரையும் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து 70 கொண்டை ஊசி வளைவு. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் இந்தச் சாலையில்தான் பல பயணங்களின் முதல் சண்டை நடக்கிறது. வளைவில் உடம்பு திரும்புவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது. கண் போனையோ காருக்குள்ளேயோ பார்த்துக்கொண்டிருந்தால் அது வேறு சேதி சொல்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. வாந்தி வருபவர் முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்க்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு மூன்று இட்லி போதும். பரோட்டாவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். பயண வாந்தி மாத்திரை தூக்கம் தரும், ஓட்டுபவர் போடக் கூடாது. பெட்ரோலும் ரொக்கமும் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை முறை. இறங்கும்போது இரண்டாம் கியரில் வாருங்கள், பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். "மெதுவா போங்க, மெதுவா போங்க" என்று பக்கத்தில் சொல்லிக்கொண்டே வருவதையும், அதற்கு "அப்ப நீயே ஓட்டு" என்று பதில் வருவதையும் தவிர்க்க ஒரு வழிதான் உண்டு: நாமக்கல்லிலோ சேலத்திலோ அரசுப் பேருந்தில் ஏறிவிடுங்கள். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட், வளைவு டிரைவர் பாடு.

முதல் நாள் எதையும் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். குளித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். தூக்கம் போதாதவர்களுக்குச் சாதாரண வார்த்தையும் குத்தலாகத்தான் கேட்கும்.

இரண்டாம் நாள் காலை ஆறு முதல் ஒன்பது வரை பேசாமல் இருங்கள். போன் இல்லை, புத்தகமும் இல்லை. வராந்தாவில் காபி, பிறகு காபித் தோட்டத்து நடுவே போகிற ஊர்ச்சாலையில் இரண்டு கிலோமீட்டர் நடை. எந்தப் பக்கம் போகலாம் என்று தங்குமிடக்காரரிடம் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். இதில் வரும் சிக்கல் நம் வீடுகளுக்கே உரியது. நம்மிடம் பேசாமல் இருந்தால் கோபம் என்றுதான் அர்த்தம். அரை மணி நேரத்திலேயே ஒருவருக்கு "ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காரு?" என்று தோன்ற ஆரம்பிக்கும். முந்தின ராத்திரியே "நாளைக்குப் பேசாம இருக்கறது கோவம் இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் தோளைத் தொட வேண்டும், தொட்டவரின் கையை மற்றவர் ஒரு முறை அழுத்த வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் சாதாரணமாகப் பேசலாம். பறவை, பனி, பூரிக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று எதை வேண்டுமானாலும்.

கனமான பேச்சு மாலை நான்கு மணிக்கு. அரை மணி நேரம் போதும். எதிரெதிரே உட்காராமல் நாற்காலிகளைப் பக்கத்தில் போட்டு ஒரே திசையைப் பார்த்து உட்காருங்கள், முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதது அப்போது வரும். ஒருவர் பத்து நிமிஷம் சொல்வார். மற்றவர் நியாயப்படுத்தவோ திருத்தவோ கூடாது, கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி "சரியா?" என்று மட்டும் கேட்க வேண்டும். பிறகு இடம் மாற்றிக்கொள்ளலாம். படிக்கும்போது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும், செய்யும்போது கடினம். ஓர் உதாரணம்:

"எங்கப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப நீங்க வந்து பத்து நிமிஷம் நின்னுட்டுக் கிளம்பிட்டீங்க. எனக்கு யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சு."

வாய் தானாகச் சொல்ல வருவது: "அன்னிக்கு ஆடிட்னு உனக்குத் தெரியாதா?" இதைச் சொன்னால் பேச்சு ஆடிட்டைப் பற்றியதாக மாறிவிடும். அதை விழுங்கிக்கொண்டு, "நான் கிளம்புனது உன்னத் தனியா விட்டுட்டுப் போன மாதிரி இருந்திருக்கு, சரியா?" என்று கேட்டால் பதில் இப்படி வரலாம்: "ஆமா. ஆடிட்னு தெரியும்ங்க. ராத்திரி ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல?" குறை பத்து நிமிஷத்தைப் பற்றியது இல்லை, வராத போனைப் பற்றியது. இனிமேல் சரிசெய்யக்கூடியதும் கூட.

சொத்து, கடன், இரு வீட்டுக் கணக்கு இவையெல்லாம் முதல் அரை மணி நேரத்துக்கு உரியவை அல்ல. தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், அவர்களுக்குள் வரும் பிரச்சினைகளில் 69 சதவீதம் தீராமல் தொடர்பவை என்று கணக்கிட்டார். மாமியார் விவகாரத்தைக் கொல்லிமலையில் வைத்து முடித்துவிடலாம் என்று யாரும் ஏற வேண்டாம். காட்மன் சொல்லும் இன்னொன்று இங்கே உடனே பயன்படும். வாக்குவாதத்தில் நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது, உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிஷம் ஆகும். எனவே குரல் உயர்ந்தால் "இருபது நிமிஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து நடந்துவிட்டு வரலாம். நிறுத்தச் சொன்னவரே திரும்பி வந்து பேச்சைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்குப் பெயர் நழுவல்.

மூன்றாம் நாள் ஆகாயகங்கைக்குப் போகலாம். மொத்தப் பயணத்துக்கும் இந்த ஒரு இடம் போதும். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால், ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. காலையிலேயே போய்விடுங்கள். இறங்குவது எளிது, முழங்கால் மட்டும் நடுங்கும். ஏறுவதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பைக்குள் வைத்து. கையில் பிளாஸ்டிக் கவர் தெரிந்தால் குரங்கு விடாது. மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். வேகமானவர் முன்னே போய் மேலே நின்று "வா வா" என்று கூப்பிடுவது உதவி மாதிரி இருக்கும், கீழே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு அப்படிக் கேட்காது. அருவியில் தண்ணீர் கலங்கலாக மாறினால் மேலே மழை பெய்கிறது, உடனே வெளியே வந்துவிட வேண்டும். முட்டிவலி, இதய நோய் உள்ளவர்கள் கோயிலோடு நின்றுகொள்ளலாம், குறை ஒன்றும் இல்லை.

அந்தப் பக்கத்துக் கடைகளில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கிடைக்கும். பாறை இடுக்கில் வளரும் பெரணி வகை ஒன்றின் கிழங்கு அது. மேலே ஆட்டுக்கால் மாதிரி பழுப்பு மயிர் மூடியிருக்கும். தோலைச் சீவி, நறுக்கி நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். மூட்டுவலி போகும் என்று விற்பவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம். படியேறி வந்தபின் காரமாகச் சூடாக எது குடித்தாலும் போகிற மாதிரித்தான் இருக்கும்.

எல்லோருக்கும் இது மருந்தில்லை. கை நீட்டுகிற கணவன், குடித்தால் மாறிப்போகிற ஆள், எதற்கெடுத்தாலும் சந்தேகம் என்று இருக்கும் வீட்டில், சிக்னல் நிச்சயமில்லாத மலைக்குத் தனியாகப் போவது ஆபத்து. அங்கே முதலில் தேவை ஆலோசகர், பெண்களுக்கு 181 உதவி எண். துணைக்கு வேறொருவருடன் உறவு இருப்பது தெரியவந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்களும் ஒரு நல்ல ஆலோசகரைப் பார்த்துவிட்டுப் பிறகு யோசிக்கலாம். மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: மது வேண்டாம். மாலை நான்கு மணிப் பேச்சும் மதுவும் ஒத்துப்போகாது.

கடைசி ராத்திரி, வீட்டில் தொடரப்போகும் ஒன்றே ஒன்றை முடிவு செய்யுங்கள். ஐந்து தீர்மானம் எடுத்தால் அடுத்த வாரமே ஐந்தும் போய்விடும். பிள்ளைகள் தூங்கியதும் இருபது நிமிஷம் மொட்டை மாடியில், போன் கீழே. இவ்வளவு போதும். ஆனால் அந்த இருபது நிமிஷத்தில் பாத்திரம் யார் தேய்ப்பது என்பதையும் சேர்த்தே பேசுங்கள். அது பேசப்படாததால்தான் இந்த ஏற்பாடு பெரும்பாலும் மூன்றாம் நாளே நின்றுபோகிறது. வியாழன் காலை பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள், வெள்ளிக்கிழமைக்கும் லீவு போட்டு வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நானூறு மெசேஜ் காத்திருக்கும். படிக்காமல் விட்டாலும் முக்கியமானதை அத்தை போனில் சொல்லிவிடுவார்.