ராம் எத்தனை ஜிபி என்பதோடு நிறுத்தாதீர்கள்: கிளஸ்டர் வாங்கிய அனுபவம்

எங்கள் பழைய கிளஸ்டர் (பல கம்ப்யூட்டர்களை இணைத்துப் பெரிய கணக்குகளை ஓட்டும் அமைப்பு) பத்து வருடம் உழைத்துவிட்டது. அதிலிருந்த சென்ட்ஓஎஸ் 7 ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு 2024 ஜூன் 30-உடன் அப்டேட்டும் நின்றுபோக, இயற்பியல், வேதியியல் இரண்டு துறையும் சேர்ந்து புதிதாக வாங்க முடிவு செய்தோம். கொட்டேஷன் வாங்கும் வேலை என்னிடம் வந்தது.

முதல் விவாதம் ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் கார்டு பற்றி. வேதியியல்காரர்கள் குரோமாக்ஸ் என்ற மென்பொருளில் புரத மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடுகிறார்கள். அதில் பெரும்பாலான கணக்கு சிங்கிள் பிரிசிஷன் (எண்ணுக்குச் சுமார் ஏழு இலக்கத் துல்லியம்) என்பதால் ஆர்டிஎக்ஸ் 4090 மாதிரி கேமிங் கார்டே தாராளம். இயற்பியலில் நாங்கள் ஓட்டும் குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ மென்பொருளுக்கு டபுள் பிரிசிஷன் (அதைவிட இரு மடங்குக்கும் மேல் இலக்கங்கள்) வேண்டும், அந்தக் கார்டிலோ டபுள் பிரிசிஷன் வேகம் சிங்கிளில் 64-இல் ஒரு பங்குதான். சரி, அவர்களுக்குக் கார்டு, எங்களுக்கு சிபியு நோடுகள் (கிளஸ்டரின் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு நோடு) என்று பிரித்துக்கொண்டோம்.

அப்புறம் வந்த கொட்டேஷனில் ஒரு நோடுக்கு 512 ஜிபி ராம் என்று இருந்தது, எனக்குத் திருப்திதான். ஆய்வு மாணவி ஒருவர்தான், "சார், எத்தனை ஸ்டிக்னு கேளுங்க" என்றார். கேட்டால், 64 ஜிபி ஸ்டிக் எட்டு. நோடில் இரண்டு எபிக் பிராசசர், ஒவ்வொன்றுக்கும் 12 மெமரி சேனல் (ராமிலிருந்து டேட்டா வரும் தனித்தனிப் பாதைகள்), அதில் நாலு மட்டும் நிரம்பி எட்டு காலி! டிஎஃப்டி கணக்கில் (எலக்ட்ரான்களை வைத்துப் பொருளின் பண்பைக் கணிக்கும் எங்கள் முறை) கோர் எத்தனை இருந்தாலும் மெமரியிலிருந்து டேட்டா வந்து சேராவிட்டால் சும்மா காத்து நிற்கும். டெமோ மெஷினில் எங்கள் சொந்த இன்புட் ஃபைலையே, டைட்டானியம் டையாக்சைடு ஸ்லாப் (மெல்லிய தகடு போன்ற அணு அமைப்பு) ஒன்றை, இரண்டு விதமாகவும் ஓட்டிக் காட்டச் சொன்னோம். நாலு ஸ்டிக்கில் 11 மணி நேரம், பன்னிரண்டிலும் போட்டால் 5 மணி நேரம்கூட ஆகவில்லை. நோடுக்கு 32 ஜிபி ஸ்டிக் 24 என்று மாற்றி, பட்ஜெட்டுக்காக நாலு நோடை மூன்றாகக் குறைத்தோம். துறையில் சிலருக்கு வருத்தம்தான், ஆனால் அந்த ரன் டைமைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்கள்.

மெஷின் வந்தும் மூன்று மாதம் பெட்டியிலேயே கிடந்தது, த்ரீ பேஸ் லைனுக்காக. முழு லோடில் ஒரு நோடு ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கிறது, அவ்வளவும் அறையில் சூடாகத்தான் இறங்கும். ஒரு டன் ஏசி சுமார் 3.5 கிலோவாட் சூட்டைத்தான் வெளியேற்றும். போன மே மாதம் பழைய கிளஸ்டர் அறையில் ஏசி நின்று, இரண்டு நாள் ஓடிய ஜாப் பாதியில் போன வேதனை மறக்கவில்லை, அதனால் மாறி மாறி ஓட இரண்டு ஏசி போட்டோம். ஆர்டர் போடும் அன்றே மின் பிரிவுக்கும் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

அந்த மாணவி இப்போது கே-பாயிண்டைக் (கணக்கின் துல்லியத்தைக் கூட்டும் மாதிரிப் புள்ளிகள்) கூட்டி அதே ஸ்லாபை மறுபடி போட்டிருக்கிறார்.