கொதிக்கும் நீரில் முகம் தெரியாது

கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணல் நடக்கும் நாட்களில் எங்கள் பிரிவின் முன்னால் காலை ஒன்பது மணிக்கே வரிசை நின்றுவிடும். பல ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு நாளில் நான் செய்த தவறு இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

அன்று காலை, என் பிழையே இல்லாத ஒரு பில்லுக்காக அதிகாரி எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கடிந்துகொண்டார். அவர் பேசியது இரண்டு நிமிடம் இருக்கும். நான் மனத்துக்குள் மதியம் வரை அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஒரு மூதாட்டி மஞ்சள் பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்து நீட்டினார். புரட்டினேன். மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற சான்று இல்லை. "அது இல்லாமல் ஏன் வருகிறீர்கள்? போய் வாங்கி வாருங்கள்" என்று கத்தினேன். எழுபதைத் தாண்டியவரிடம் அந்தச் சான்றைக் கேட்பதே கூச்சமான காரியம். "வைத்திருந்தேனே தம்பி" என்றார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

அரை மணி கழித்துப் பக்கத்து மேசை அக்கா, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அவரை உள்ளே அழைத்து வந்தார். சான்று அந்தக் கட்டிலேயே இருந்தது. ஆதார் நகலின் பின்னால், குண்டூசியால் குத்தி. என் விரல் அதைத் தொட்டுத்தான் புரட்டியிருக்கும். கண்ணுக்கு மட்டும் படவில்லை.

சில மாதங்கள் கழித்து, சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் விபாசனா என்ற பௌத்தத் தியானப் பயிற்சியின் பத்து நாள் முகாமில் சேர்ந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிவிடுவார்கள், பேச்சு கிடையாது. முதல் மூன்று நாளும் ஒரே வேலைதான்: மூக்கு நுனியருகே மூச்சு வருவதையும் போவதையும் கவனிப்பது. நீட்ட வேண்டாம், அடக்கவும் வேண்டாம். முதல் நாள் என்னால் சேர்ந்தாற்போல் பத்து மூச்சைக் கவனிக்க முடியவில்லை. நீரிலிருந்து எடுத்துத் தரையில் போட்ட மீனைப் போல மனம் துடிக்கிறது என்று தம்மபதம் சொல்வதைப் பின்னால் படித்தபோது, அந்த முதல் நாள்தான் நினைவுக்கு வந்தது.

அதன் பிறகு பெளத்த நூல்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சங்காரவர் என்ற அந்தணர் புத்தரிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: நெடுநாள் ஓதிய மந்திரங்கள்கூடச் சில வேளை நினைவுக்கு வராமல் போவது ஏன்? புத்தர் ஒரு பாத்திரத்து நீரை உவமையாக்குகிறார். ஆசை பிடித்த மனம் சாயம் கலந்த நீர். சோம்பிய மனம் பாசி மூடிய நீர். அலைபாயும் மனம் காற்றில் அசையும் நீர். ஐயம் கொண்ட மனம் இருட்டில் வைத்த கலங்கல் நீர். சினம் கொண்ட மனமோ அடுப்பில் கொதிக்கும் நீர். இவை எதிலும் குனிந்து பார்ப்பவனுக்குத் தன் முகம் தெரியாது. குண்டூசி குத்திய அந்தக் காகிதம் ஏன் எனக்குத் தெரியவில்லை என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னோரிடத்தில் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்கிறார். உடலில் படும் வலி முதல் அம்பு. அதற்காக மனம் புலம்பித் தவிப்பது இரண்டாவது அம்பு. அதிகாரியின் இரண்டு நிமிடப் பேச்சோடு என் காயம் முடிந்திருக்கலாம். மதியம் வரை எய்துகொண்டே இருந்தவன் நான். அதில் ஓர் அம்பு அந்த அம்மாவின் மேல் பாய்ந்தது.

மனத்தை அடக்குவது அலுவலகத்தில் ஆகிற காரியமா என்று பலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் பர்மாவின் ஊ பா கின்னைப் பற்றிச் சொல்வேன். கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து உயர்ந்து, 1948இல் பர்மா விடுதலை பெற்றபோது அந்நாட்டின் முதல் கணக்காயர் தலைவரானவர். அவருக்குத் தியானம் கற்பித்தவர் ஒரு விவசாயி. 1950இல் ஊ பா கின் தன் அலுவலகத்திலேயே விபாசனா சங்கம் தொடங்கி ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் பயின்ற கோயங்காதான் 1969இல் இந்தப் பயிற்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். பேரேடும் தணிக்கைக் குறிப்பும் சூழ உட்கார்ந்திருந்த ஒருவர் வழியாக இது என்னிடம் வந்து சேர்ந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

விழிப்போடு கவனிப்பது பற்றிய புத்தரின் உரையான சதிபட்டான சூத்திரத்தில், சினம் கொண்ட மனத்தைச் 'சினம் கொண்ட மனம்' என்று பிக்கு, அதாவது துறவி, அறிகிறான் என்று வருகிறது. அதை விரட்டு என்றோ வெட்கப்படு என்றோ அந்த வரியில் இல்லை. அறிவது மட்டும்தான். கேட்க எளிது, எனக்கு ஆண்டுகள் பிடித்தன. கோபம் வரும்போது முதலில் என் காது மடல் சூடாகிறது, பிறகு மூச்சு மேலேயே நின்றுவிடுகிறது, அதற்குப் பின்தான் வார்த்தை கிளம்புகிறது என்பது மெல்லத்தான் பிடிபட்டது.

போன வாரம் பிற்பகலில் கணினி இணைப்பு நின்றுவிட்டது. கவுன்ட்டரில் பதினோரு பேர். ஒரு பெரியவர் ஒரே கேள்வியை நான்காவது முறை கேட்டார். காது மடல் சூடானது தெரிந்தது. மூச்சு ஒன்று உள்ளே வந்து வெளியே போனது. அவருடைய காகிதங்களை மறுபடி வாங்கி, முதல் தாளிலிருந்து ஒவ்வொன்றாக, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.