வெட்டிய விளிம்பு

"கர்ப்பப்பையை எடுத்து ஒரு வருஷம் ஆச்சு டாக்டர். அப்புறம் ஏன் மாசாமாசம் கறை படுது?"

வெட்டி எடுத்த திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதும் நோயியல் மருத்துவரான என்னிடம் நோயாளிகள் பேச வருவது அபூர்வம். தன் திசுவின் ஸ்லைடுகளை வாங்கிப் போக வந்த அந்த அம்மா, என்னைக் கண்டதும் கேட்டுவிட்டார்.

ஸ்லைடுகளை மறுபடி பார்த்தேன். அவருக்கு நடந்தது கர்ப்பப்பை வாயை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுக்கும் சிகிச்சை. கீழே வெட்டிய விளிம்பிலேயே, கர்ப்பப்பையின் உள்வரியான எண்டோமெட்ரியத்தின் சுரப்பிகள் இருந்தன. அப்படியென்றால் உள்ளே விட்ட பகுதியிலும் அந்த உள்வரி கொஞ்சம் தங்கியிருக்கலாம். சினைப்பைகள் வேலை செய்யும்வரை அது மாதாமாதம் கசியும். என் அறிக்கையில் 'ஃபைப்ராய்டு (சாதாரணத் தசைக்கட்டி), புற்றுநோய் இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தேன். விளிம்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

வாய்ப்பகுதி இன்னும் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. "எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு நெனச்சேனே" என்றார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் பரிசோதனையை நிறுத்தக் கூடாது, கறைக்கு வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அன்றே கூடுதல் அறிக்கை எழுதி, அவருடைய மருத்துவரிடமும் பேசினேன்.

இதே சிகிச்சையில் வேறொரு வகையும் உண்டு. ஜெர்மனியின் கீல் நகரில் மருத்துவர் கர்ட் ஸெம் 1991-இல் கொண்டுவந்த அந்த முறையில், வாயின் நடுப்பகுதியை உருளையாகக் குடைந்து எடுத்துவிட்டு வெளிச்சுவரை மட்டும் விடுவார்கள். புற்றுநோய் பெரும்பாலும் தொடங்கும் இடம் அந்த உருளையில் வந்துவிடும் என்பதால் அதை நறுக்கி முழுதாகப் பார்க்க முடியும்.

லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியே செய்யும் அறுவையில், மார்சலேட்டர் என்ற வெட்டும் கருவியால் கர்ப்பப்பையைத் துண்டாக்கி அனுப்பினால்தான் எனக்குக் கடினம். எது மேல், எது கீழ் என்றே தெரியாது. விளிம்பைத் தேடவே முடியாது. ஃபைப்ராய்டு என்று நினைத்து அறுவை செய்யும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு எதிர்பாராத சார்கோமா என்ற புற்றுநோய் இருக்கலாம் என்று 2014-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. துண்டுகளைத் தட்டில் பரப்பி ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்ப்பேன். ஃபைப்ராய்டு வெள்ளையாக, ரப்பர் போலக் கெட்டியாக, சுழல் சுழலாக இருக்கும். மீன் சதை மாதிரி மெத்தென்று, ரத்தக் கசிவோடு ஏதாவது கண்ணில் பட்டால் அதிலிருந்து நுண்ணோக்கியில் பார்க்க இன்னும் நிறைய பிளாக் (மெழுகில் பதிக்கும் திசுத் துண்டு) எடுப்பேன். நேரமாகும், சரி, ஆகட்டும்.

முழுதாக வரும் கர்ப்பப்பையில் இப்போது முதலில் கீழ் விளிம்பை அடையாளம் காண அதற்கு மை தடவுகிறேன். சுரப்பிகள் அங்கே உண்டா, இல்லையா என்று தனி வரியாக எழுதுகிறேன். 'கர்ப்பப்பை வாய் இந்த மாதிரியில் இல்லை' என்பதையும் சேர்க்கிறேன்.