தலைக்கு மேலே சிக்கிய மரம்

வயர் பாஸ் என்னும் குறுகலான பாறைப் பள்ளத்தாக்கின் இடுக்கில் நடக்கும்போது ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள். இரண்டு சுவருக்கும் நடுவே, எட்டாத உயரத்தில், ஓர் அடிமரம் குறுக்கே செருகிக் கிடக்கும்.

வெள்ளம் கொண்டுவந்து செருகியது. தண்ணீர் அவ்வளவு உயரம் ஓடியிருக்கிறது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தென்கோடியில் உள்ள இந்த இடத்துக்குக் குடும்பத்தோடு போகக் குளிர்காலமே நல்லது என்பேன். கோடை இடிமழை இருக்காது. 1997 ஆகஸ்டில் பக்கத்து மாநிலமான அரிசோனாவின் ஆன்டலோப் கேன்யன் என்ற இதே போன்ற இடுக்கில் 11 பேரைப் பலிகொண்ட வெள்ளம், பல மைல் தள்ளிப் பெய்த மழையால் வந்தது. குளிர்காலமானாலும் மழை அறிவிப்பு இருந்தால் போகவே வேண்டாம்.

இங்கே வரும் ஹவுஸ் ராக் வேலி சாலை களிமண். காலையில் உறைந்து கெட்டியாக இருக்கும், வெயில் ஏறினால் இளகிச் சக்கரத்தை விழுங்கும். வரும்போது நன்றாக இருந்ததே என்று நம்பித்தான் பலர் திரும்பும்போது மாட்டிக்கொள்கிறார்கள். ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு போங்கள்.

உள்ளே வெயில் அதிகம் விழாது. குட்டைகள் மேலே மட்டும் உறைந்திருக்கும். பெரியவர் ஒருவர் கோலால் தட்டிப் பார்த்த பிறகே பிள்ளைகள் கால் வைக்கட்டும். ஆளுக்கு ஒரு மாற்றுக் கம்பளிக் காலுறை, தண்ணீர் புகாத பையில். பருத்தி நனைந்தால் லேசில் காயாது.

நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பாறை இறக்கம். ஏணி இருந்தாலும், முதலில் பெரியவர் இறங்கி, பிள்ளைகளின் பாதத்தைப் பிடித்து வைக்க வேண்டும்.

பக்ஸ்கின் குல்ச் என்ற நீண்ட இடுக்கோடு இது சேரும் முனை வரை போய்வர சுமார் 5.5 கிலோமீட்டர். அங்கே பாறையில் பழங்குடியினர் செதுக்கிய காட்டு ஆடுகள் இருக்கின்றன, தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள். டிசம்பரில் ஐந்து மணி வாக்கில் பொழுது சாயும். மதியமே திரும்பி நடக்கத் தொடங்கிவிடுங்கள்.