பள்ளிக்கூடத்தில் ஒன்றரை நாள் ஆஸ்பத்திரி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியது புதுச்சேரி பக்கம். அடுத்தடுத்த நாட்களில் மழையில் மாட்டிக்கொண்டது ஏற்காடு மலையில் இருக்கும் நாங்கள். சேலம் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிட்டது. எங்கள் ஊரிலிருந்து ஏற்காடு போகும் சின்ன ரோட்டிலும் சில்வர் ஓக் மரங்கள் குறுக்கே கிடந்தன. கரண்ட் இல்லை, போனும் இல்லை. நான் ரிட்டயர்டு நர்ஸ். அடிபட்டவர்களை நேராக என் வீட்டு வாசலுக்கே தூக்கி வந்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொன்னேன். இரண்டு வகுப்பறை. வந்தவர்களை வந்த வரிசையிலேயே உள்ளே படுக்க வைத்தேன், அதுதான் தப்பு. அரை மணியில் சொந்தக்காரர்கள் கூட்டம். குனிந்து நாடி பார்க்கக்கூட இடமில்லை. எல்லோரையும் வெளியேற்றி, பெஞ்சு போட்டு வாசலை மறித்து, அங்கேயே பார்த்துப் பிரித்தேன். உடனே கவனிக்க வேண்டியவருக்குச் சிவப்பு, சற்றுப் பொறுக்கலாம் என்றால் மஞ்சள், நடந்து வந்தவருக்குப் பச்சை. சிலேட்டில் கலர் சாக்பீஸால் எழுதிப் பார்த்தோம், ஈரக் கை பட்டு அழிந்தது. அப்புறம் பிள்ளைகளின் சிவப்பு ரிப்பன், கிழித்த புடவை என்று மணிக்கட்டில் கட்டினோம்.

சுவர் விழுந்து அடிபட்ட ஒருவர் முனகக்கூட இல்லாமல் படுத்திருந்தார். "சிஸ்டர், அந்தப் பையன் அப்படிக் கத்துறான், இவரைப் பாக்குறீங்களே?" என்றார்கள். பையனுக்குக் கை முறிவு, அவ்வளவுதான். இவருக்கோ உடம்பு சில்லிட்டு, நாடி 120, வயிறு கல் மாதிரி. உள்ளே ரத்தம் கசிகிறது என்று பட்டது. தண்ணீர் கேட்டார்; ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் கொடுக்கவில்லை, உதட்டை மட்டும் நனைக்கச் சொன்னேன். அவர் மனைவி என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

துணை சுகாதார நிலையத்து நர்ஸ் இரண்டு பாட்டில் சலைன் கொண்டுவந்தாள். ஜன்னல் கம்பியில் மாட்டினால் உயரம் போதவில்லை, சொட்டு சரியாக இறங்கவில்லை. காப்பிப் பழம் பறிக்கக் கிளையை வளைக்கும் கொக்கியைக் கூரை விட்டத்தில் மாட்டி, அதில் தொங்கவிட்டோம். இறங்கியது.

மறுநாள் மதியம் மரங்களை அறுத்து வழி விட்டார்கள். ஸ்ட்ரெச்சர் ஏது? சுவர் விழுந்து அடிபட்டவரை, படுத்திருந்த பெஞ்சோடு சேர்த்துக் கட்டி ஜீப்பில் ஏற்றினோம். சேலத்தில் ஆபரேஷன் செய்து மண்ணீரலை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். பெஞ்சுதான் இன்னும் வரவில்லை. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.